வில்லை வளைக்கும் முன்

திருவனந்தபுரம் வெள்ளையம்பலம் சந்திப்பில் நிற்கும் அய்யன்காளி சிலையைச் சுற்றிக்கொண்டு நாள் முழுவதும் கார்கள் கவடியார் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கின்றன. சிலைக்குரியவர் 1893ல் ஓட்டிப்போன வாகனம் ஒருவகையில் இந்தக் கார்களுக்கெல்லாம் மூதாதை. அது வில்வண்டி. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வில் போல வளைந்த பட்டைகள் பொருத்திய, குலுக்கல் குறைந்த மாட்டு வண்டி. திருவிதாங்கூரில் அன்று அது மேல்சாதிப் பணக்காரர்களுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்டது. புலையர் சமூகத்தில் பிறந்த அய்யன்காளி அப்படியொரு வண்டியை வாங்கி, தலைப்பாகையும் மேல்துண்டுமாக, தாழ்த்தப்பட்டோர் கால் வைக்கக் கூடாது என்றிருந்த பொதுச்சாலையில் வெங்கானூரிலிருந்து கிளம்பினார். தடுத்தவர்கள் இருந்தார்கள். வண்டி நிற்கவில்லை.

அந்தப் போராட்டம் சாலைக்கானது, வில்லுக்கானது அல்ல. ஆனாலும் கட்டை வண்டியில் போகாமல் வில்வண்டியில் போனதற்கு அர்த்தம் இருந்தது. ஒருவர் எவ்வளவு சுகமாகப் பயணம் செய்யலாம் என்பதைக்கூட ஊர் தீர்மானித்த காலம் அது.

அதே வெங்கானூரை ஒட்டி இன்று நான்குவழிச் சாலை ஓடுகிறது. வில்லின் இன்றைய பெயர் சஸ்பென்ஷன். அது இருந்தால் போதும் என்ற நிலை போய், தொழிற்சாலை பொருத்தித் தந்ததை மாற்ற வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. காரைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், வளைவில் சாயக் கூடாது, பந்தயக் கார் போலத் தரையைக் கவ்விப் பிடிக்க வேண்டும். வண்டி மாற்றும் மோகத்தில் கேரளத்தை மிஞ்ச ஆளில்லை. அதன் மீது சட்டத்தின் பிடியும் இங்கேதான் அதிகம். இந்த விஷயத்தில் நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே கேரளத்து வழக்கில்தான் பிறந்தது.

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்ளலாம். இந்த நகரத்தில் இப்படி ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கையில் பத்து வயதான சிறிய கார். ஞாயிற்றுக்கிழமை நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகிறார். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கார் ஒரு பக்கமாகச் சாய்கிறது, பின் இருக்கையில் அம்மா கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறார். திங்கட்கிழமை இளைஞர் பட்டறையில் நிற்கிறார். அங்கே அவருக்கு மூன்று வழிகள் சொல்லப்படும். இருக்கிற ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு சுற்றை வெட்டி எடுப்பது மிக மலிவு. தாழ்வான ஸ்பிரிங் செட் வாங்கிப் போடுவது நடுத்தரம். உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ‘காயில்ஓவர்’ என்ற முழுத் தொகுப்பு மூன்றாவது. செலவு சில நூறு ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தொடும்.

மூன்றில் எது சரி என்பதற்கு முன்னால், சாய்வுதான் நோயா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

சஸ்பென்ஷனுக்கு வேலை இரண்டு. உள்ளே இருப்பவர்களைக் குலுக்காமல் கொண்டு போவது ஒன்று. நான்கு டயர்களையும் எப்போதும் தரையோடு ஒட்டவைப்பது மற்றொன்று. முதல் வேலை எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டாவதில்தான் உயிர் இருக்கிறது, ஏனென்றால் திருப்புவதும் நிறுத்துவதும் டயர் மூலமாக மட்டுமே நடக்கின்றன. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. மேடு பள்ளத்தில் டயர் கணநேரம் துள்ளினாலும் அந்த நேரத்துக்கு ஸ்டியரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம்.

துள்ளலை அடக்குவது ஸ்பிரிங் அல்ல. இழுக்கும் விசைக்கு ஏற்ற அளவில்தான் சுருள் நீளும் என்று ராபர்ட் ஹூக் எழுதியது 1678ல். 1804ல் இங்கிலாந்தின் ஒபதையா எலியட் பட்டைகளை அடுக்கிக் கோச்சு வண்டிக்கு வில் அமைத்தார். நம் ஊர் வில்வண்டி அந்த வழியில் வந்தது. ஆனால் ஸ்பிரிங் வாங்கிய சக்தியை வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். அடிவாங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவது ஷாக் அப்சார்பர். பெயர் அதிர்ச்சியை வாங்குவது என்று சொன்னாலும், அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங்தான். ஷாக் அப்சார்பர் ஆட்டத்தைத் தின்கிறது. உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கி, ஆட்டம் வெப்பமாக மாறுகிறது. மோசமான சாலையில் பத்து நிமிடம் ஓட்டி இறங்கித் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும்.

ஆக, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஜோடி. ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவைப்பது, ஒரு காளையை மட்டும் மாற்றி வண்டி பூட்டுவது மாதிரி.

இந்தியாவில் சஸ்பென்ஷன் ‘மேம்பாடு’ புதிய விஷயமும் அல்ல. அம்பாசடர் டாக்சிக்காரர்கள் பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்ப்பது பழைய வழக்கம். கல்யாண கோஷ்டியை மூட்டையோடு ஏற்றினாலும் வண்டியின் பின்புறம் தரையில் உட்காராது. ஆனால் வெறும் வண்டியாகத் திரும்பும்போது அது கங்காரு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்சக்கரங்களில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தண்டாக நிற்கும் அமைப்பு சாதாரணக் குடும்பங்களுக்கு அறிமுகமானது. இன்று இந்தியாவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இந்த அமைப்புதான். இளைஞரின் காரிலும் அதுதான். அவர் செய்ய நினைப்பது அதில் என்ன விளைவைத் தரும் என்பது கணக்கில் தெரிந்துவிடும்.

கார் வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமை மாறுகிறது. எவ்வளவு மாறும்? காரின் எடை, திரும்பும் வேகம், எடை மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களின் இடைவெளி, இவைதான் தீர்மானிக்கும். இந்தப் பட்டியலில் ஸ்பிரிங்கின் பெயரே இல்லை. ஆயிரம் கிலோ காரில் எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்திலும் சக்கர இடைவெளி 140 செ.மீ. ஆகவும் இருப்பதாக வைத்துக்கொண்டால், புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவிசை தரும் ஒரு வேகமான திருப்பத்தில் சுமார் 196 கிலோ வெளிப்பக்கம் மாறும். காரை 3 செ.மீ. தாழ்த்தினால் அது 186 கிலோ ஆகும். பத்து கிலோ லாபம். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் கார் குறைவாகச் சாயும், உண்மை. ஆனால் மாறுகிற சுமை ஏறக்குறைய அதேதான். சாய்வு கண்ணுக்குத் தெரிகிற அறிகுறி. டயர் பார்ப்பது சுமையை.

மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் இன்னொரு விவகாரம் உண்டு. காரைத் தாழ்த்தினால் கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் தன் கோணத்தை இழந்து, வெளிமுனை மேல்நோக்கித் தூக்கிக்கொள்கிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையம் இறங்கியதைவிட வேகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் சாய்வுக்கு நெம்புகோல். அந்த நெம்புகோல் நீள்கிறது. தாழ்த்திய கார் அதே ஸ்பிரிங் கடினத்தில் முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். இதைத் தடுக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், அதை அடக்க இன்னும் கடினமான ஷாக் அப்சார்பர். கடன் அடைக்கக் கடன் வாங்கும் கதை.

ஸ்பிரிங்கை வெட்டுவது இதில் கடைசிப் படி. எட்டுச் சுற்றில் இரண்டை எடுத்தால் மீதி ஆறு சுற்றின் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பழைய ஷாக் அப்சார்பருக்கு அதை அடக்கும் சக்தி இருக்காது. சக்கரம் மேலே வரக் கிடைக்கும் இடமும் குறைந்துவிடுவதால் சின்னப் பள்ளத்திலேயே ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் அந்த மூலையில் ஸ்பிரிங் என்பதே இல்லாத மாதிரி. காரை ஜாக்கியில் தூக்கினால் குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடும். பெரிய மேட்டில் சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் இதுவே நடக்கும். பத்து நிமிட வேலை, சில நூறு ரூபாய் கூலி. இதைவிட மலிவாக ஒரு நல்ல காரைக் கெடுக்க முடியாது.

அப்படியானால் பந்தயக்காரர்கள் ஏன் தாழ்த்துகிறார்கள்? அவர்களுக்கு வழவழப்பான ஓடுதளம் இருக்கிறது. சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஓடுதளத்தில் வேகத்தடை கிடையாது, குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் கிடையாது. கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கியபோது அது தரையோடு ஒட்டி நின்றது, சரிதான். அவர் 1995ல் விமான விபத்தில் இறந்த பிறகும் இந்திய மோட்டார் பந்தயத்தில் அந்த வழி தொடர்ந்தது. ஆனால் மண்சாலை ராலிக்குப் போகிற கார் நேர் எதிர். அது சாதாரணக் காரைவிட உயரமாக நிற்கும். சக்கரம் மேலும் கீழும் போக நிறைய இடம், மிக நல்ல ஷாக் அப்சார்பர். அதுவும் வேகத்துக்காகவே அமைக்கப்பட்டதுதான். சாலை எப்படியோ சஸ்பென்ஷன் அப்படி. திருவனந்தபுரத்துச் சாலை எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

கவடியார் சாலை ஓடுதளத்தின் பங்காளி. மற்றவை அப்படியில்லை. களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாக நகரத்துக்குள் வரும் பழைய சாலை குறுகி, நெளிந்து, கடைகளை உரசிக்கொண்டு வருகிறது. நாகர்கோவில் பக்கத்துத் தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நகரமே குன்றுகள் மேல் உட்கார்ந்திருப்பதால் ஏற்ற இறக்கத்துக்குப் பஞ்சமில்லை. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று மழைக்காலம் இரண்டு. நனைந்த தாரில் டயரின் பிடி கணிசமாகக் குறையும். கடினமான ஸ்பிரிங் அந்தக் குறைந்த பிடியையும் துண்டு துண்டாக்கும். மென்மையான கார் வழுக்கப் போவதை முன்கூட்டியே சொல்லும், மெல்லச் சாய்ந்து எச்சரிக்கும். கல் மாதிரி கெட்டியாக்கிய கார் கடைசி வரை மௌனமாக இருந்துவிட்டுச் சட்டென்று போகும்.

வேகத்தடை பற்றி ஒரு வார்த்தை. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதி, மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கான வட்டவடிவத் தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. அப்படிக் கட்டினால், முன் பின் அச்சுகளுக்கிடையே 2.4 மீட்டர் உள்ள காரின் நடுவயிற்றுப் பக்கம் அது சுமார் 4 செ.மீ. மட்டுமே எழும். ஓரளவு தாழ்த்திய காரும் பூனை மாதிரி கடந்துவிடலாம். பிரச்னை, அப்படி யார் கட்டுகிறார்கள் என்பதுதான். ஊர்க்காரர்கள் ஒரே இரவில் சிமெண்டில் எழுப்பும் தடைக்கு ஆரமும் இல்லை, ஈரமும் இல்லை.

இதையெல்லாம் சொல்வதால் சஸ்பென்ஷனை மேம்படுத்தவே கூடாது என்று ஆகிவிடாது. முறையாகச் செய்தால் பலன் உண்டு. தரமான ஷாக் அப்சார்பர் நான்கும், உயரத்தை அதிகம் குறைக்காமல் அதற்குப் பொருத்தமான ஸ்பிரிங்கும் போட்டால் கார் ஸ்டியரிங்குக்கு உடனே பதில் சொல்லும்; மேட்டில் ஒருமுறை எழுந்து உட்காரும், மூன்று முறை ஆடாது. ஸ்பிரிங் தேர்வில் 1930களில் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்தில் மாரிஸ் ஆலி கண்டுபிடித்த நுட்பம் ஒன்று உண்டு. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம், பின்சக்கரம் கொஞ்சம் தாமதித்து ஏறுகிறது. ஆகவே பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆடும்படி ஸ்பிரிங் வைத்தால், பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, கார் முன்னும் பின்னுமாகத் தலையாட்டாமல் சமமாக எழுந்து சமமாக அமரும். பார்வைக்காக முன்பக்கத்தை மட்டும் கெட்டியாக்கித் தாழ்த்துகிறவர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிவிட்டு, கழுத்து வலி ஏன் என்று டாக்டரிடம் கேட்கிறார்.

சாய்வை மட்டும் குறைக்க வேண்டுமானால் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற கம்பி இருக்கிறது. அதன் முறுக்கு வலிமை விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 20 மி.மீ. கம்பிக்குப் பதிலாக 22 மி.மீ. போட்டால் போதும், வலிமை 46 சதவீதம் ஏறிவிடும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைப்பவர் ஏமாறும் இடம் இது. முன்பக்கத்தில் தடித்த கம்பி போட்டால் கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். பின்பக்கத்தில் போட்டால் முன்சக்கர இழுவைக் கார் சுறுசுறுப்பாகத் திரும்பும், ஆனால் மழையில் அவசரமாக ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்புறம் வெளியே வீசும். பொன்முடி இறக்கத்தில் வெளியே என்பது பள்ளத்தாக்கு.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கடுமையானது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரள உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, மாநில விதிகளின் துணையோடு இதைத் தளர்வாகப் பார்த்தது. கேரளப் போக்குவரத்து அதிகாரிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2019 ஜனவரி 9ஆம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் தீர்ப்பளித்தார்கள். மாநில விதி மத்தியச் சட்டத்துக்கு அடங்கியதே, தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்ற முடியாது என்பது தீர்ப்பு. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு தண்டனையும் சேர்த்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதில் ஸ்பிரிங் எங்கே வருகிறது? பதிவுச் சான்றிதழில் எஞ்சின் கொள்ளளவு, இருக்கை எண்ணிக்கை, நிறம், எடை, அச்சு இடைவெளி எல்லாம் இருக்கும். சஸ்பென்ஷனுக்கு ஒரு வரியும் இல்லை. ‘மாற்றம்’ என்றால் வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாறுதல் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. தேய்ந்த ஷாக் அப்சார்பரை அதே தரத்தில் மாற்றுவது பழுது பார்ப்பது, அதில் சந்தேகமில்லை. 3 செ.மீ. தாழ்வான ஸ்பிரிங் அடிப்படை அம்சத்தை மாற்றுகிறதா? உரிமையாளர் ஒன்று சொல்வார், சாலையோரம் நிறுத்திய ஆய்வாளர் வேறொன்று சொல்வார். தீர்ப்பின் வாசகத்தைக் கையில் வைத்திருப்பவர் ஆய்வாளர்.

அவர்களின் கடுமைக்கும் காரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூப் பிரபலங்களான இரு சகோதரர்களின் மாற்றியமைக்கப்பட்ட பயண வேன் பறிமுதல் செய்யப்பட்டபோது, அலுவலகத்தில் ரகளை, கைது, இணையத்தில் கூச்சல் என்று மாநிலமே அல்லோலப்பட்டது. 2024ல் ஆலப்புழையைச் சேர்ந்த ஒரு யூடியூபர் தன் காருக்குள் தண்ணீரை நிரப்பி நீச்சல் தொட்டி ஆக்கி, அதைச் சாலையிலும் ஓட்டினார். பதிவு, ஓட்டுநர் உரிமம் இரண்டின் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. உயர்நீதிமன்றமும் காட்டமாகக் கேள்வி கேட்டது. இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஆய்வாளரிடம் போய் ஆலி, ஆன்டி ரோல் பார் என்று பேசினால் எடுபடுமா?

ஆனாலும் நீச்சல் தொட்டிக்கும் தரமான ஷாக் அப்சார்பருக்கும் ஒரே தராசு என்பது நியாயமில்லை. ஒன்று ஆபத்தைக் கூட்டுகிறது, மற்றது குறைக்கக்கூடியது. ஜெர்மனி இதற்கு வழி கண்டிருக்கிறது. அங்கே தாழ்வான ஸ்பிரிங் விற்கும் நிறுவனம், எந்தக் காருக்கு அது பொருந்தும் என்று சோதனைச் சான்று வாங்கி அதோடு சேர்த்து விற்கிறது. பொருத்தியதும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தர, அது வாகன ஆவணத்தில் ஏறுகிறது. சாலையில் நிறுத்தும் போலீஸ்காரர் காகிதத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். இந்தியாவில் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்புகள் இருக்கின்றன, புதிய கார்களைச் சோதிக்கின்றன. சந்தையில் தனியாக விற்கும் சஸ்பென்ஷன் தொகுப்புகளுக்கும் அப்படியொரு சான்று, அதைப் பதிவில் ஏற்ற ஒரு படிவம் என்று வந்துவிட்டால், வழுதக்காடு டிரான்ஸ் டவர்ஸில் உள்ள கேரளப் போக்குவரத்து ஆணையரகத்துக்கும் பாதித் தலைவலி குறையும். ஸ்பிரிங்கை வெட்டுகிற பட்டறைகளும் தாமாக ஒதுங்கும். அது வரும் வரை, மாற்றியவர் மீதுதான் பாரம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது, தனக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைத்தான்.

இளைஞரின் கார் இன்னும் பட்டறையில் நிற்கிறது. நேர்மையான மெக்கானிக்காக இருந்தால் ஸ்பிரிங்கைத் தொடுமுன் டயரைப் பார்ப்பார். காற்று குறைவாக இருந்தாலே வளைவில் கார் துவளும். டயருக்கு ஆறேழு வயதாகியிருந்தால் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. அடுத்து காரைத் தூக்கி, சக்கரத்தை இரு கையால் ஆட்டிப் பார்ப்பார். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கும். பால் ஜாயிண்டில் ஆட்டம், லிங்க் ராடில் கடகட சத்தம். பத்து வயதுக் காரின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு கறுப்பாகப் படிந்திருந்தால் ஆச்சரியமில்லை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால் தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. பொன்முடியில் அம்மா கைப்பிடியைப் பிடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும்.

புஷ்கள், லிங்க் ராடுகள், தயாரிப்பாளர் குறித்த அதே தரத்தில் நான்கு ஷாக் அப்சார்பர்கள், கடைசியில் வீல் அலைன்மென்ட். தாழ்வான ஸ்பிரிங் செட்டின் விலைக்கு மேல் போகலாம், வெளியே இருந்து பார்த்தால் எதுவும் மாறியிராது, நண்பர்களிடம் காட்டுவதற்கும் ஒன்றுமில்லை. பதிவுச் சான்றிதழ் இருந்தபடியே இருக்கும். அடுத்த ஞாயிறு கல்லாறு தாண்டியதும் முதல் வளைவிலேயே வித்தியாசம் தெரியும். அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லை என்றால் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசலாம்.